மோசஸ் அண்ணனும் சத்தம் வராத கம்ப்யூட்டரும்

போன செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். வழக்கம்போல லைன் சரியில்லை. "ஒன்னும் விளங்கல, நீ இன்னான்னு கேளு" என்று மனைவியிடம் நீட்டிவிட்டேன். கேட்டவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பிறகு என் அருகில் வந்து, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தி, "மோசஸ் அண்ணன் போயிட்டாராம்" என்றாள். துக்கச் செய்தியைக்கூட எனக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். யார் மேல் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், எங்கள் இரும்பு ரோலிங் மில்லில் அவரோடு வேலை செய்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவரை நான் தங்கமானவர் என்று எழுதினால் உங்களுக்கே சிரிப்பு வரும். மகா பிடிவாதக்காரர். ஒரு வேலையில் கையை வைத்துவிட்டால் தானும் தூங்க மாட்டார், அடுத்தவனையும் தூங்கவிட மாட்டார். அவருக்கு வேலை, கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுவது. மேலே கிரேன் ஓட்டியவர் பழவேற்காட்டு ரஹமத் பாய். நான் எலெக்ட்ரீஷியன். அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை. முஷ்டியை மடக்கினால் நில். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்தினால் இறக்கு. சரக்கு தரையில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் விரித்தால், முடிந்தது, கொக்கியைக் கழற்று.

இந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். குழம்பு போதும் என்பதற்கு முஷ்டியை மடக்குவார். "இது இன்னா ஊடா, மில்லா" என்று கிரேஸ் அண்ணி சண்டைக்கு வருவார். ஒரே மகள் பிரிசில்லா மட்டும் சின்ன வயதிலேயே எல்லாச் சைகையையும் கற்றுக்கொண்டு, அப்பாவுக்குப் பதிலும் சைகையிலேயே சொல்லும்.

அந்தப் பெண் நர்ஸுக்குப் படித்து மஸ்கட்டுக்குப் போனது. அங்கிருந்து போன் வந்தால் அண்ணன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, லைன் சரியில்லை என்று அண்ணியிடம் கொடுத்துவிடுவார். மகளுக்கு அங்கே முடியவில்லை, ஆள் இளைத்துப்போய்விட்டாள் என்று அண்ணி வந்து சொல்வார். போனவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், பழகிவிடும் என்பார் அண்ணன். கடைசியில், மகள் வாயால் நேராகக் கேட்டால்தான் நம்புவேன் என்று ஒரு கம்ப்யூட்டரே வாங்கி, கேமராவும் மாட்டி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி மகளை நெருக்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். 'அப்பா இரு என்றால் கையெழுத்துப் போடுகிறேன், வா என்றால் வந்துவிடுகிறேன்' என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் பகுதிக்கும் அன்றுதான் வார விடுமுறை. அண்ணி சபையில் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தார். பக்கத்தில் என் ஊரான ஆரணியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ரஹமத் பாய் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர்களை இழுத்துக்கொண்டிருந்தார். திரையில் தீப்பெட்டி அளவு கட்டத்தில் பிரிசில்லாவின் முகம் விட்டுவிட்டு அசைந்தது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்பீக்கரின் திருகைக் கடைசிவரை திருப்பினோம். பின்பக்கத்தில் இருந்த ஓட்டைகளில் பச்சை ஒயரை மாற்றி மாற்றிச் செருகினோம். நிறுத்திப் போட்டோம். மகள் முகம் மறைந்து, மறுபடி இணைப்பு கிடைத்து அவள் வருவதற்குள் அண்ணன் என்னைத் தின்றுவிடுவதுபோல் பார்த்தார். பாய் எங்கிருந்தோ ஒரு பாட்டு சி.டி. கொண்டுவந்து போட்டார். அதிலும் ஊமைதான். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டால் அவர் என்னவோ சொல்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. நான் வைத்துக் கேட்டேன், பாய் வைத்துக் கேட்டார், அண்ணன் வைத்துக் கேட்டார். மூவருக்கும் லைன் சரியில்லை.

நான் ஸ்பீக்கரின் மூடியைக் கழற்றினேன். மில்லில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க நாங்கள் யாரும் காதை வைப்பதில்லை, கையைத்தான் வைப்போம். அப்படியே ஸ்பீக்கரின் காகிதத்தில் விரலை வைத்தேன். லேசாக அதிர்ந்தது. பாயும் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். கரண்ட் வருகிறது, சத்தம்தான் வரவில்லை என்று முடிவு கட்டினோம். இத்தனை வருடம் மின்சாரத்தோடு குப்பை கொட்டியவன் சொல்கிற முடிவா இது? ஆனால் சொன்னேன். கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் சத்தத்துக்கான கார்டு எரிந்துவிட்டது என்றும் சொன்னேன். அண்ணன் உடனே பெட்டியைப் பிரிக்க ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார். திரையில் பிரிசில்லா தலை குனிந்துகொண்டு என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அண்ணி ஜெபம் முடிந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் பைபிளோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"புள்ள அங்க தேம்பித் தேம்பி அழுவுது. நீங்க மூணு பேரும் இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அண்ணி வந்து மவுஸை நகர்த்தி, திரையில் எங்கேயோ அடிமட்டத்தில் கிடந்த ஒரு பட்டையை மேலே தள்ளினார். முதல் நாள் பிரசங்கம் கேட்கும்போது, அண்ணனுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவரே குறைத்து வைத்ததாம். குறைத்து வைத்தும் அவருக்கு வாசல்வரை கேட்டிருக்கிறது. எங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் கேட்கவில்லை. மூன்று பேரில் ஒருவனுக்காவது கேட்டிருக்கக் கூடாதா? மூவரும் ஒரே மில்லில் காதைக் கொடுத்தவர்கள். பட்டையை மேலே தள்ளிய பிறகுதான் பிரிசில்லாவின் அழுகை எங்களுக்கு எட்டியது. அதுவும் பாதிதான்.

"அப்பா, நீ கேக்குறியா இல்லியா" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கேமராவுக்கு நேரே வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லத் தாழ்த்தினார். இறங்கு. பிறகு மறுபடியும் அதையே செய்தார். பிரிசில்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு தானும் கையைக் கவிழ்த்துக் காட்டினாள். அடுத்த மாதம் ஊர் வந்து சேர்ந்தாள்.

அண்ணன் அதோடு விட்டாரா? விட்டிருந்தால் அவர் மோசஸ் அண்ணன் இல்லை. எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு திருவள்ளூரில் காது டாக்டரிடம் போனார். போனது போனதுதான், இனி இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். மறுநாளே அண்ணன் ஆபீசில் போய் எல்லாருக்கும் காதடைப்பான் வேண்டும் என்று நின்றார். அவர்கள் காதடைப்பான் கொடுப்பதற்கு முன்னால், செவிட்டு ஆளைக் கிரேனுக்குக் கீழே நிறுத்த முடியாது என்று அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கையால் செய்கிற வேலைக்குக் காது எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே அண்ணே என்று நான் கேட்டதற்கு, "காது போறப்ப சத்தம் போட்டுக்கினு போவாது, வேலு. நாமதான் சத்தம் போடணும்" என்றார். காதடைப்பான் வந்தது. ஒப்பந்தக்காரப் பையன்கள் அதை மாட்டாமல் திரிந்தால் ஸ்டோரில் கையுறைகூடத் தர மாட்டார். அவர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. திட்டினாலும் அவருக்குக் கேட்கவா போகிறது?

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் நாங்கள்தான், மில் ஆட்கள். பாஸ்டர் ஜெபம் செய்ததும் கேட்கவில்லை, இறக்கச் சொன்னதும் சரியாகக் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் சீக்கிரம் கயிற்றை விட்டுவிட்டார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் கத்தியது. ஆளாளுக்குக் கத்தியதில் யார் எதைச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவரை இப்படிப் போட்டு உடைக்கப்போகிறோமே என்று என் பக்கத்துக் கயிற்றை இறுகப் பிடித்தேன்.

அப்போது பிரிசில்லா, அம்மாவின் தோளை விட்டுவிட்டு, குழியின் தலைமாட்டில் எங்கள் எல்லார் கண்ணிலும் படும்படி வந்து நின்றாள். முஷ்டியை மடக்கி உயர்த்தினாள். கயிறுகள் நின்றன. எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக் கையாலேயே கொஞ்சம் தூக்கச் சொன்னாள். பெட்டி நேரானது. பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல, மெல்லத் தாழ்த்தினாள். ரஹமத் பாய் குழியைப் பார்க்கவே இல்லை, அந்தக் கையைத்தான் பார்த்தார். பெட்டி தரையில் உட்கார்ந்ததும் அவள் இரண்டு கையையும் விரித்தாள். நாங்கள் கயிற்றை விட்டோம்.

அண்ணன் உயிரோடு இருந்தவரை என்னிடம் சலிக்காமல் சொன்னது ஒன்று உண்டு. "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. லைன் மேல பழி போடாத." அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். நேற்று அண்ணியிடமிருந்து போன் வந்தது. மனைவி வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

"அண்ணி, எனக்குக் காது கேக்கல. கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றேன்.