கந்தசஷ்டியில் வந்த மான் இறைச்சி

என் தம்பி மார்க்கம் நகரில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து சம்பளம் எடுக்கிறவன். நாற்பத்தைந்து வயதில், கூட வேலை செய்யும் வெள்ளைக்காரன் ஒருவனோடு சேர்ந்து வேட்டைக்குப் போக வெளிக்கிட்டான். வகுப்புக்குப் போனான், சோதனை எழுதினான். துப்பாக்கிக்கு ஒரு லைசென்ஸ், வேட்டைக்கு ஒரு லைசென்ஸ், சுடப்போகிற ஒவ்வொரு மானுக்கும் ஒரு சீட்டு என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தான். எங்கள் சனத்தில் ஒருவன் துப்பாக்கி தூக்குவதற்கு இவ்வளவு படிவம் நிரப்பியதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

முதல் இரண்டு வருடமும் வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் சட்டையும் மூக்கொழுகும் தடிமனும்தான் கொண்டுவந்தான். மூன்றாம் வருடம் மான் விழுந்தது. விழுந்த நேரம்தான் பிழை. நவம்பர் மாதம், கந்தசஷ்டி இரண்டாம் நாள். ஸ்ரௌவ்வில்லில் இருந்த வீட்டில் அவன் மனைவி ஆறு நாள் விரதம், ஒருநேரம் பாலும் பழமும். கராஜ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "உந்த இறைச்சியை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவந்தா நான் வெளியில போவன்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் படியில் நின்று, "அப்பா, யூ கில்ட் இற்?" என்று அழுதன. அதே பிள்ளைகள் என் கடைக்கு வந்தால் ஆளுக்கு நான்கு மட்டன் ரோல்ஸ் சாப்பிடுவார்கள். ஆடு தற்கொலை செய்தது என்று நினைத்திருக்க வேண்டும்.

இறைச்சிக்கு வீடு இல்லாமல் போனதால் அது என்னிடம் வந்தது. எனக்கு வெக்ஸ்போர்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. இடியப்பம், கொத்துரொட்டி, ரோல்ஸ், மதியத்தில் சோறு கறி. பதினொரு வருடமாக நடத்துகிறேன். கண்ணாடியில் சுகாதாரப் பகுதியினர் தந்த பச்சை அட்டை ஒட்டியிருக்கும். அது மஞ்சளானால் சனம் எதிர்க்கடைக்குப் போகும். சிவப்பானால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டுக் கடனும் அந்தக் கடையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருந்தன. அதனால் காலையில் சாமிப் படத்தைத் துடைப்பதற்கு முன்பே அந்தப் பச்சை அட்டையைத் துடைப்பேன்.

தம்பி, கசாப்புக்காரரிடம் கொடுத்து வெட்டி, வெள்ளைத் தாளில் இரண்டு இறாத்தல் பார்சல்களாகச் சுற்றி எடுத்து வந்தான்.

"அக்கா, கடையில உதை வைக்கலாமோ தெரியேல்லை."

"என்ர கடை, என்ர பிரீசர். நீ வை."

"ஒண்டு மட்டும் சொல்லுறன். விக்கக் கூடாது. வாற ஆக்களுக்குச் சும்மா குடுங்கோ. ஒரு சதம் வாங்கினாலும் குற்றம்."

"மானைக் கொல்லலாம், இருவது டொலர் வாங்கக் கூடாதோ? நல்ல சட்டமடா."

"காசுக்கு விக்கலாம் எண்டா காட்டில ஒரு மானும் மிஞ்சாது. தின்னுறதுக்குத்தான் சுடலாம். மிச்சத்தை ஆருக்கும் குடுக்கலாம், அவ்வளவுதான்."

பதினைந்தாவது மாடியில் இருந்து வேலை செய்கிறவன் எனக்குக் காட்டைப் பற்றிப் பாடம் எடுத்தான். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவன் சொன்னது நியாயம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நியாயம் தெரிவதற்கும் அதன்படி நடப்பதற்கும் நடுவில்தானே நாங்கள் எல்லோரும் குடியிருக்கிறோம்.

முதல் பார்சலை நான் சும்மாதான் கொடுத்தேன், சத்தியமாக. வாங்கியவர் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்த அங்கிள். தினமும் பத்து மணிக்கு வந்து தேத்தண்ணி குடிப்பவர். மான் என்றதும் வன்னிக் காடு, வத்தல் இறைச்சி, மரை என்று பதினைந்து நிமிடம் பேசினார். பிறகு பார்சலை எடுத்துக்கொண்டு இருபது டொலரை மேசையில் வைத்தார்.

"வேண்டாம் அங்கிள், தம்பி சும்மா குடுக்கச் சொன்னவன்."

"பிள்ளை, நான் ஆரிட்டையும் சும்மா வாங்கிச் சாப்பிட்ட ஆளில்லை. நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது."

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய். இலவசமாகக் கிடைத்தால் உள்ளுக்குள் இனிக்கும். இலவசமாக வாங்கினான் என்று நாலு பேர் சொன்னால் செத்துப்போவார்கள். பிறந்தநாளுக்கு ஒருவன் என்வலப்பில் ஐம்பது வைத்தால், அவன் வீட்டு விசேஷத்துக்கு குறைந்தது ஐம்பத்தொன்று வைக்காமல் நித்திரை வராது. காசை வாங்காவிட்டால் பார்சலையும் வைத்துவிட்டுப் போய்விடுவார் போலிருந்தது. வாங்கிக் காசு லாச்சிக்குள் போட்டேன்.

அடுத்து வந்த அன்ரி, "அவர் எவ்வளவு தந்தவர்?" என்று கேட்டார். இருபது என்றேன். அவர் இருபத்தைந்து தந்தார். அதற்கடுத்தவர் முப்பது தந்துவிட்டு, "ஆரும் கேட்டா முப்பது எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லியும் போனார். நான் விலை சொல்லவே இல்லை. அவர்களே ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டார்கள். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். எனக்குக் கூலி வந்துகொண்டே இருந்தது.

விரதக்காரர் வேறு கதை. கோயிலுக்குப் போகிற வழியில் திருநீற்றோடு கடைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கு ரெண்டு பார்சல் பேர் எழுதி வையுங்கோ. சூரன்போர் முடிய வந்து எடுக்கிறன்" என்பார்கள். காசு முன்கூட்டியே. முருகன் சூரனைக் கொல்லும்வரை இவர்களுடைய மான் என் பிரீசரில் பெயரோடு காத்துக்கிடந்தது.

நான்காம் நாள் கையிருப்பு முடிந்தது. அப்போது நான் செய்ததைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை. தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"சனத்துக்கு நல்ல விருப்பம் தம்பி. எல்லாம் முடிஞ்சுது. இன்னுமொண்டு கிடைக்குமோ?"

அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டில் ஒருவரும் மதிக்காத வேட்டையை ஊர் மதிக்கிறது என்று நினைத்துவிட்டான். "உண்மையாவோ அக்கா? எனக்கு இன்னும் ஒரு சீட்டு இருக்கு. இந்தமுறை பாவிக்காம விடுவம் எண்டு இருந்தனான்" என்றான். வெள்ளிக்கிழமை லீவு எடுத்து, வார இறுதியில் மீண்டும் வடக்கே போய் இரண்டாவது மானைச் சுட்டுக்கொண்டு வந்தான். தின்னுவதற்காக இல்லை. என் லாச்சிக்காக. அது அவனுக்குத் தெரியாது.

அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமை காலை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஆரோ அறிவித்திருக்க வேண்டும். முப்பது கொடுக்க வந்தும் பார்சல் கிடைக்காத யாரோ என்பது என் ஊகம். தமிழ்ப்பிள்ளை. இங்கேயே பிறந்தவள், தலைமயிரை இறுக்கிக் கட்டி, கையில் குறிப்பெடுக்கிற ரப்லெற் கம்பியூட்டர். நேரே பிரீசரைத் திறந்தாள்.

"அன்ரி, வாட் இஸ் திஸ்? லேபிள் இல்லை. எங்க வாங்கினீங்க?"

"வாங்கேல்லை பிள்ளை. என்ர தம்பி வேட்டைக்குப் போனவன். தெரிஞ்ச ஆக்களுக்குச் சும்மா குடுக்க வைச்சிருக்கு. அதுதான் பேர் எழுதியிருக்கு."

"இன்ஸ்பெக்ட் பண்ணாத மீற் கடை பிரீசரில இருக்கக் கூடாது அன்ரி. அதுக்கு நான் யெலோ தரத்தான் வேணும். கிளீன் பண்ணினா திருப்பிப் பச்சை. பட், வித்திருந்தா அது வேற. அது உங்கட லைசென்ஸ் வரைக்கும் போகும்."

"விக்கேல்லை" என்றேன். குரல் எனக்கே நன்றாக இருந்தது.

"உங்கட பிரதரை வரச் சொல்லுங்கோ. அவரிட பேப்பர்ஸ் பார்க்கவேணும்."

தம்பிக்குப் போன் எடுத்தேன். கோப்போடு உடனே வெளிக்கிடுகிறேன் என்றான். அவன் வருவதற்குள் மணி பத்து. அங்கிள் வந்தார். தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்து, பேசவேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அதிபராக இருந்தவருக்குக் கண்ணால் சொன்னால் விளங்குமா?

"தமிழ்ப்பிள்ளையோ? ஊரில எவடம்?" என்று பரிசோதகரைக் கேட்டார். அவள் அம்மாவின் ஊரைச் சொன்னாள். அவருக்கு அந்த ஊரில் இரண்டு குடும்பம் தெரிந்திருந்தது. அவள் மரியாதைக்காக, "அங்கிள், உங்களுக்கும் இந்த மீற் ஃப்ரீயா தந்தவவோ?" என்று கேட்டாள்.

அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார். முதுகு நிமிர்ந்தது.

"சும்மாவோ? ஆர் சொன்னது? பிள்ளை, நான் காசு குடுத்துத்தான் வாங்கினனான். முதல் பார்சலுக்கே இருவது. வேணுமெண்டா இவவைக் கேளுங்கோ. ஒருத்தரும் சும்மா வாங்கேல்லை. எங்கட ஆக்கள் அப்பிடி வாங்கமாட்டினம்."

ஒரு முழுச் சமூகத்தின் மானத்தையும் காப்பாற்றிவிட்ட திருப்தியில் மீண்டும் கோப்பையை எடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாய் திறந்தால் கெடுவது மற்றவன்.

பரிசோதகர் என்னைப் பார்த்தாள். "அன்ரி, காசு வாங்கினனீங்களோ?"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு தம்பி உள்ளே வந்தான். கேள்வி அவன் காதில் விழுந்துவிட்டது. அங்கிள் அவனிடமும் ஒருமுறை, "தம்பி, நான் இருவது குடுத்தனான்" என்று பெருமையாகச் சொன்னார். தம்பி பிரீசரைப் பார்த்தான், பார்சல்களில் இருந்த பெயர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். போனில் அவன் குரலில் கேட்ட சந்தோஷம் அந்த முகத்திலிருந்து வழிந்து போவதை நான் நின்று பார்த்தேன். கடையின் கண்ணாடியில் பச்சை அட்டை இருந்தது. அதையும் அவன் பார்த்தான்.

"காசு எனக்குத்தான்" என்று பரிசோதகரிடம் சொன்னான். "அக்காவுக்குச் சட்டம் ஒண்டும் தெரியாது. நான்தான் வாங்கித் தரச் சொன்னனான்."

"ஆர் யூ ஷுவர், சேர்?"

"ஓம்."

அவள் அவனை நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, "அன்ரி, அப்பிடியோ?" என்று கேட்டுவிட்டு எவ்வளவோ நேரம் காத்திருந்தாள். ஒரு சொல் போதும். இந்தக் கடையில் கொத்துரொட்டியில் உப்புக் கூட என்று சொன்னவனை மூன்று தலைமுறைக்குத் திட்டித் தீர்த்தவள் நான். வாய் திறக்கவில்லை.

இறைச்சி முழுவதையும் குப்பைப் பையில் போட்டு, ஒருவரும் எடுத்துத் தின்னாதபடி மேலே பிளீச் ஊற்றச் சொன்னாள். ஊற்றியவன் தம்பி. அந்த இரண்டாவது மானுக்காக மூன்று நாள் பனியில் மரத்துக்கு மேல் இருந்தானாம். அதைப் பிறகு அவன் மனைவி சொன்னாள், அவன் சொல்லவில்லை. போகும்போது, "காசு தேவை எண்டா என்னட்டைக் கேட்டிருக்கலாமே அக்கா" என்று மட்டும் சொன்னான். எனக்குக் காசு தேவைப்படவில்லை. அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கு நான்கு நாள் மஞ்சள் அட்டை, பிறகு பச்சை. அவனுக்கு நீதிமன்றம், தண்டம், சில வருடங்களுக்கு வேட்டை இல்லை. கோப்பில் அடுக்கி வைத்த சீட்டுகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தான். அந்த நான்கு நாளும், பார்சலுக்குப் பெயர் எழுதி வைத்தவர்கள் ஒருவர்விடாமல் எதிர்க்கடையில் சாப்பிட்டார்கள். சுத்தம் முக்கியமாம்.

பச்சை திரும்பி வந்த காலை, பத்து மணிக்கு அங்கிளும் திரும்பி வந்தார். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு என்னை மிகவும் இரக்கத்தோடு பார்த்தார்.

"பாவம் பிள்ளை நீ. பதினொரு வருசம் பாடுபட்டு நடத்தின கடை. தம்பி எண்டு நம்பி இடம் குடுத்தாய், அவன் உன்னை வைச்சு வியாபாரம் பாத்திட்டான். கூடப் பிறந்ததுகளாலதான் எல்லா வினையும்."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டேன்.

"ஓம் அங்கிள்" என்றேன். "என்ன செய்யிறது."