அறுநூற்றுப் பன்னிரண்டு சிடிகளும் ஒரு நடு அறையும்

"அக்கா, அந்த சிடியெல்லாம் என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

மோனிக்கா இதைக் கேட்காத வாரம் கிடையாது. சோறு போடும்போது கேட்பாள். துணி காயப்போடும்போது கேட்பாள். குரலில் தேன் ஒழுகும். கேட்கும்போதெல்லாம் அக்னஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் கேள்வி சிடியைப் பற்றியது அல்ல, நடு அறையைப் பற்றியது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் அந்த ஃபிளாட் அக்னஸுடையது. மூன்று அறைகள். பெரிய அறையில் தம்பி வில்லியமும் அவன் மனைவி மோனிக்காவும். நடு அறையில் அக்னஸ். மூன்றாவதை அறை என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பாயை விரித்தால் கதவைச் சாத்த முடியாது. அதற்குள் மோனிக்காவின் மாவு மூட்டைகளும் கேக் அட்டைகளும் கூரைவரை நின்றன. அவள் கேக் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விற்பவள். ஆர்டர் கூடிவிட்டது, பெரிய ஓவன் வாங்க வேண்டும், வைக்க இடம் வேண்டும். சிடி போனால் அலமாரி போகும். அலமாரி போனால் நடு அறையில் ஓவன் நிற்கும். ஓவன் நின்றால் அக்னஸ் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஒரு கேள்விக்குள் இத்தனையும் இருந்தது.

அக்னஸ் சும்மா இருக்கிறவள் இல்லை. கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் வரிசையைத் தாண்டி ஏறுகிறவனை மூன்று மொழியிலும் திட்டத் தெரிந்தவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் நாக்கு மடங்கிவிடும். "என் வீடு" என்று தம்பியிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணம் ஆகாத அக்கா, கூடப் பிறந்தவனிடம் வீட்டுக் கணக்குப் பேசினாள் என்று கோயிலில் நாலு பேர் சொல்வார்களே என்ற பயம். ஆகையால் சிடியை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசினாள்.

"சிடிய யாரும் தொடக்கூடாது. அவ்வளவுதான்."

அவள் செய்த தப்பு அதுதான். இரண்டு வருடமாக அறையைக் காப்பாற்றச் சிடியைக் காப்பாற்றினாள். சிடி போய்விட்டால் என்ன சொல்வாய் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சிடிகள் வந்த கதையும் மற்றவர்கள் கதை மாதிரி இல்லை. அக்னஸுக்குப் பாட்டுப் பைத்தியம் எதுவும் கிடையாது. இருபத்திரண்டு வயதில் மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடியுமுன்னே பஸ், பிறகு ஃபெரி, அக்கரையில் இறங்கினால் தொழிற்சாலை பஸ். அவள் சேர்ந்த வருடம் அங்கே சிடி கவர் செய்ய ஆரம்பித்தார்கள். அச்சிலிருந்து சூடாக விழும் கவரை எடுத்து, திறந்து, மூடி, குழல் விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் பார்ப்பது அவள் வேலை. மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். கொஞ்சம் மழுங்கிய சத்தம் வந்தால் கீல் சரியில்லை, ரிஜெக்ட். நடுவில் சிடியைப் பிடிக்கும் பற்களில் ஒன்று குறைந்தாலும் ரிஜெக்ட். அவள் கையைத் தாண்டிப் போன கவர் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசர் மஹ்பூபா எல்லாரிடமும் சொல்வாள்.

ஒரு வருடம் காலிக் கவரையே பார்த்தபிறகு, உள்ளே ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. பினாங்கு ரோட்டில் ஒரு கடையில் முதல் சிடி வாங்கினாள். ஒரு சினிமாப் படத்தின் பாட்டு. வீட்டில் பிளேயர்கூட அப்போது இல்லை. திறந்தாள், மூடினாள், டிக். சரியாக இருந்தது. அதற்குப்பிறகு மாதம் இரண்டு, மூன்று. சினிமாப் பாட்டு, மாதா பாட்டு, உள்ளூர்ப் பையன்கள் பாடியது, எதுவானாலும் சரி. ஆனால் ஒரிஜினல் மட்டும்தான், அரசாங்க ஸ்டிக்கர் ஒட்டியது. பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் திருட்டு சிடி மலைபோல் குவித்து, லேசான பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பார்கள். உறையில் போட்டு விற்கிற ஒவ்வொரு சிடிக்கும் மாக் மண்டினில் ஒரு கவர் குறைகிறது என்பதை அந்த மார்க்கெட்டில் அவளைத் தவிர யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். விற்கிறவனோடு சண்டை பிடிப்பாள். வாங்குகிறவர்களோடும் பிடிப்பாள்.

கடைசியில் சண்டை பிடித்தும் பயனில்லை. பாட்டெல்லாம் போனுக்குள் போய்விட்டது, கவர் அச்சைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு டப்பா அச்சை மாட்டினார்கள். அக்னஸ் இன்றைக்கும் அங்கேதான் டப்பா மூடி பார்க்கிறாள். நடு அறையில் தரையிலிருந்து கூரைவரை அறுநூற்றுப் பன்னிரண்டு சிடிகள், ஒரு கீறல் இல்லாமல்.

வில்லியம் ஆறு வருடத்துக்கு முன்னால் வந்தான். ஆயர் ஈத்தாமில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரன் திருப்பிக் கேட்டுவிட்டான். "மூணு மாசம்தான்கா" என்றான். புருஷன் பெண்டாட்டி ஆயிற்றே என்று அக்னஸே தன் பெரிய அறையை ஒழித்துக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை. கொடுத்ததற்கு யாரும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவும் இல்லை.

ஜூலைக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. வருடந்தோறும் அக்னஸ் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, கோயில் பெண்களோடு போய்த் தங்கி, வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கும் இடத்தில் வேலை செய்வாள். இந்த வருடமும் போனாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கால் வீங்கித் திரும்பி வந்து அறைக்கதவைத் திறந்தாள்.

அலமாரி காலி. கீழே கறுப்பு நிறத்தில் ஜிப் வைத்த ஐந்து பைகள்.

ஒன்றைத் திறந்தாள். உள்ளே புத்தகம் மாதிரி பிளாஸ்டிக் பக்கங்கள், பக்கத்துக்கு நாலாகச் சிடிகள். கவர் ஒன்றுகூட இல்லை.

"மோனிக்கா!"

சத்தம் கேட்டு எட்டாவது மாடியில்கூட யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். மோனிக்கா கையில் மாவோடு வந்தாள். முகத்தில் பயம் இல்லை. பரிசு கொடுத்தவள் முகம்போல இருந்தது.

"சர்ப்ரைஸ் அக்கா! ரெண்டு நாளா ஒக்காந்து நான்தான் மாத்துனேன். ஆன்லைன்ல பேக் வாங்குனேன். பாருங்க, எவ்ளோ இடம் மிச்சம்!"

"கவர் எங்க?"

"பழைய பேப்பர் லாரி வந்துச்சுலா. அள்ளிப் போட்டுட்டேன். பாட்டு எல்லாம் பத்திரமா இருக்குக்கா. வெறும் டப்பாதானே போச்சு."

வெறும் டப்பா. திறந்து மூடித் திறந்து மூடி விரல் மரத்துப்போன வருடங்கள் அத்தனையும் ஒரு லாரிக்காரனுடைய கோணிக்குள் போயிருந்தன. அதைச் செய்தவள் எதிரே மாவுக் கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அறைந்துவிடலாம் போல இருந்தது. அக்னஸ் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"யாரக் கேட்டுச் செஞ்ச?"

"கேட்டுட்டுதானேக்கா இருந்தேன், ரெண்டு வருசமா. நீங்க பதிலே சொல்லலயே."

வில்லியம் பெரிய அறையிலிருந்து பனியனோடு வந்தான். அக்காவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினான்.

"கோவப்படாதக்கா. ஒனக்கு நல்லதுதானே செஞ்சா. நாளைக்கு மத்தியானம் ஓவன் வேற வருது. அலமாரிய இன்னிக்கே நான் கழட்டிடறேன். ஹால்ல ஃபேன் பக்கமா ஒனக்குப் புதுசா மெத்தை போட்டுத் தரேன்."

ஓவனை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அக்னஸ் வாயைத் திறந்தாள். "என் வீடு" என்பதுதான் வர வேண்டியது. வரவில்லை.

"அலமாரியத் தொட்டீன்னா கைய ஒடைப்பேன்" என்று மட்டும் வந்தது. கதவை அறைந்து சாத்தினாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஐந்து பைகளையும் பசாருக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டினாள். வில்லியம் "எங்கக்கா?" என்றான். அவள் வண்டியை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கொம்தார் வரை பஸ், அங்கிருந்து லோரோங் கூலிட் வரை நடை. அங்கே பழைய சாமான் சந்தையில் சிக்கந்தர் பாய் தார்ப்பாய் விரித்துப் பழைய இசைத்தட்டும் கேசட்டும் சிடியும் விற்பார். அக்னஸ் பத்து வருடத்துக்கு முன்னால், கடைகளில் கிடைக்காத சில சிடிகளை அவரிடம்தான் வாங்கியிருந்தாள்.

அவர் ஒரு பையைத் திறந்து நாலு பக்கம் புரட்டினார். சிடி ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பினார்.

"அடேங்கப்பா, ஒரு கீறல் இல்ல. கவர் எங்கம்மா?"

"இல்ல பாய்."

"இல்லன்னா?"

"போச்சு. அள்ளிப் போட்டுட்டாங்க."

சிக்கந்தர் பையை மூடினார். "கவர் இல்லாம யாரும் வாங்கமாட்டாங்கம்மா. இப்ப வர்ற ஆளுங்க பாட்டுக்கா வாங்குறாங்க? பாட்டுதான் போன்லயே இருக்கே. கவரப் பாத்து, அதுல உள்ள படத்தப் பாத்து, ஸ்டிக்கரப் பாத்துதான் வாங்குவாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்! இருபது முப்பது வருசமா சொல்றேன்! எவ கேக்குறா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிக்கந்தர் அவளுக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார்.

"ஒக்காருங்க. வீட்ல இதெல்லாம் போட்டுக் கேப்பீங்களா?"

"பிளேயர் கெட்டுப்போய் எட்டு வருசம் ஆச்சு."

"பின்ன எதுக்கும்மா இவ்ளோ கோவம்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அக்னஸ் பதில் சொல்ல வாயெடுத்தாள். சிடிக்காக என்று சொல்ல வந்தாள். அது பொய் என்று தெரிந்தது. கவர் போனது அவமானம்தான், அதை மோனிக்கா செத்தாலும் அவள் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அதுவும் முழுக் காரணம் இல்லை. ஐம்பத்துநாலு வயதில், தன் பெயரில் இருக்கும் வீட்டில், தனக்கு ஒரு கதவு வேண்டும் என்று கேட்கத் துணிவில்லாமல் இந்தச் சிடிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அந்தக் கோபம் மோனிக்காமேல் பாதி, தன்மேல் பாதி.

"சும்மா எடுத்துக்குங்க பாய்" என்றாள்.

"இத வச்சு நான் என்னம்மா செய்றது? பாலிக் பூலாவ்ல வயக்காரங்க கேப்பாங்க. குருவி வெரட்ட கயித்துல கட்டித் தொங்கவிடுவாங்க. அதுக்குக் குடுக்கவா?"

"குடுங்க. அங்கயாவது யாரையாவது வெரட்டட்டும்."

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். சோகம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் இருந்தது. அது நேற்றுபோல் தலைக்கு ஏறவில்லை. கால் தரையில் நன்றாக ஊன்றி நின்றது.

வீட்டுக்கு வந்ததும் காலி அலமாரியைத் துடைத்தாள். தன் துணிகளை மடித்து அதில் அடுக்கினாள், ஜெபமாலையையும் கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் வைத்தாள். கட்டிலைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டாள். வாசலில் நின்று பார்த்த மோனிக்காவின் முகம் மாறியது.

"சிடி எங்கக்கா?"

"குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?" மோனிக்காவுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "அப்ப அலமாரியும் வேணாம்லா? அவர வந்து கழட்டச் சொல்றேன்."

அக்னஸ் பதில் சொல்லுமுன் வாசல் மணி அடித்தது. ஓவன் வந்துவிட்டது. ஹஸ்ருல் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஓர் ஆளும் இன்னொருவனும், ஆளுயரத்தில் பாதி இருக்கும் பெட்டியை லிஃப்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து ஹாலில் நிறுத்தினார்கள். வில்லியம் ஓடிவந்து கதவை அகலத் திறந்துவிட்டான்.

"காக், நாக் லெத்தாக் மானா?" எங்கே வைப்பது என்று மலாயில் கேட்டான் ஹஸ்ருல். மூன்று பேரில் மூத்தவள் என்று அக்னஸைப் பார்த்துக் கேட்டான்.

"நடு ரூம்" என்று மோனிக்கா தமிழிலேயே சொல்லிக் கையைக் காட்டினாள்.

அக்னஸ் தன் அறைக்கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பி எடுத்து இடுப்பில் செருகினாள்.

"பீலிக் பெசார்" என்றாள். பெரிய அறை.

"அக்கா!" மோனிக்கா குறுக்கே வந்தாள். "அது நாங்க படுக்குற ரூம்புக்கா!"

"தெரியும்."

"அதுல எப்படிக்கா ஓவன் வைக்கிறது? சூடு தாங்குமா? நாங்க எங்க படுக்கிறது?"

"ஹால்ல ஃபேன் பக்கமா மெத்தை போட்டுக்கலாம்னு ஒன் புருசன் சொன்னான்லா. நல்ல இடம்தான்."

வில்லியம் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. அக்காவை நேராகப் பார்த்தான். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"என்னக்கா இது? கூடப் பொறந்தவன்கிட்ட இப்படியா பேசுறது? வெளிய கேட்டா என்ன சொல்வாங்க?"

"என்ன வேணும்னாலும் சொல்லட்டும்" என்றாள் அக்னஸ். குரலை உயர்த்தவில்லை. "இது என் வீடு, வில்லியம். பெரிய ரூம் நான் குடுத்தது. இந்த நடு ரூம் நான் யாருக்கும் குடுக்கல, குடுக்கவும் மாட்டேன். ஓவன் வேணும்னா ஒங்க ரூமுல வச்சுக்குங்க. வேணாம்னா ஆளு இங்கதான் நிக்கிறாங்க, திருப்பி ஏத்திவிடு."

ஹஸ்ருலுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் வீட்டுக்காரி யார் என்பது புரிந்துவிட்டது. அவன் பெரிய அறைக்கதவின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, கட்டிலை யாராவது நகர்த்த முடியுமா என்று வில்லியமைக் கேட்டான்.