ஜனாதிபதிக்கு ஒரு பென்சில் வரி

அந்த வருஷம் ஜனாதிபதி பதவிக்குப் பெரிய போட்டி. நமக்கெல்லாம் அதில் ஓட்டுக் கிடையாது, எம்.எல்.ஏ., எம்.பி.க்கள்தான் போடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது அபிராமபுரத்தில் ஓர் எம்.எல்.ஏ. வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிற ஒருவர் தினமும் என் கையால் காபி குடிக்கிறார் என்பது சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே பெரிய விஷயமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மோட்டார் பட்டறையில் ஃபிட்டர். சங்கத்துக்காரர். சாயங்காலமானால் சங்கத்து ஆட்கள் ஒன்பது பேரும் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தையல் கடையில் கூடுவார்கள். தையல்காரர்தான் அவர்களில் நிறையப் படித்தவர். பேச்சு எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். நான் அந்தக் கடைப்படி ஏறியதில்லை. எனக்கு அவ்வளவு கூச்சம்.

எப்படிப்பட்ட ஜனாதிபதி வேண்டும் என்று ஒரு வாரம் பேசினார்கள். தொழிலாளி கஷ்டம் தெரிந்தவர் வேண்டும் என்றார் ஒருவர். சாதி, மதம் பார்க்காதவர் என்றார் இன்னொருவர். "டில்லிக்குப் போயி நம்மள மறக்காத ஆளு ஒலகத்துல கீறானா, அத்த மொதல்ல சொல்லு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். கடைசியில் தையல்காரர் எல்லாவற்றையும், சங்கத்தின் கோரிக்கைகளையும் சேர்த்து ஒரு கடிதமாக எழுதினார். இப்படிப்பட்டவருக்கே உங்கள் ஓட்டைப் போடுங்கள் என்று எம்.எல்.ஏ.வுக்கு வேண்டுகோள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதை எடுத்துக்கொண்டு வந்து இவர் என் முன்னால் உட்கார்ந்தார். "கேட்ல எங்கள உள்ள வுடமாட்றான். நீ காபி குடுக்கசொல்ல இத்தயும் குடுத்துடு. எனுக்கோசரம்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் தனக்காக என்று அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"இன்னா எழுதிக்கீது?" என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருப்பாரு."

"நீ படிக்கலியா?"

"அதான் கையெழுத்து போட்டேனே."

எனக்குப் பழைய கையெழுத்து ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பட்டறையில் ஸ்டிரைக் நடந்தது. முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று வாசலில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். வந்ததற்குக் கையெழுத்து என்று நினைத்து இவர் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஸ்டிரைக் செய்தது தப்பு, இனிமேல் சங்கத்தில் இருக்கமாட்டேன் என்று அதில் இருந்தது. விஷயம் தெரிந்ததும் சங்கத்து ஆட்கள் மூன்று மாதம் இவரோடு பேசவில்லை. எதிரே தையல் கடையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும், இவர் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தையல்காரர்தான் ஒருநாள் தெருவைத் தாண்டி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

மறுநாள் பஸ்ஸில் கடிதத்தைப் பிரித்தேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஏகாதிபத்தியம் என்ற வார்த்தையைத் தாண்டுவதற்குள் இரண்டு ஸ்டாப்பிங் போய்விட்டது. பாதி படிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

சட்டமெல்லாம் கடைசியில் ஜனாதிபதி கையெழுத்துக்குத்தான் போகும் என்று இவர் சொல்லியிருந்தார். நடக்கும்போது அதுவேதான் மனதில் ஓடியது. ஏழைக்கு இரங்குகிறவர் வரட்டும், சாதி பார்க்காதவர் வரட்டும், நல்லதுதான். என் வீட்டுக்காரரும் நல்லவர்தான். நல்லவரிடம் ஒரு தாளை நீட்டிப் போடு என்றால் போட்டுவிடுகிறாரே! பையில் துண்டுப் பென்சில் இருந்தது. ஒரு காம்பவுண்டுச் சுவர்மேல் கடிதத்தை வைத்து, ஒன்பது கையெழுத்துக்கும் கீழே எழுதினேன்: "எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவராக இருக்க வேண்டும்."

எழுதிய பிறகுதான் இது சங்கத்துக் கடிதம் என்று உறைத்தது. அழிக்க ரப்பர் இல்லை.

எம்.எல்.ஏ. ஐயா காலையில் காபி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். மனு, சிபாரிசுக் கடிதம் என்று ஒரு கட்டு இருக்கும். ஒரு கை புரட்டும், ஒரு கை போடும், கண் செய்தித்தாளில் இருக்கும். டம்ளரோடு கடிதத்தையும் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். எடுத்துப் படித்தார்.

"மத்ததெல்லாம் பேனாவுல இருக்கு, கடைசி வரி மட்டும் பென்சில். சின்னப் பிள்ளை எழுத்தா இருக்கே, யார் எழுதினது?"

அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தார். மாதாமாதம் நான் எழுதுகிற மளிகை லிஸ்டைப் பார்க்கிறவர். என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"யார் எழுதினா என்ன? கேட்டது நியாயம்தானே" என்றார் அந்த அம்மா. "ஏன், ஜனாதிபதி மட்டும்தான் படிச்சுட்டுப் போடணுமாக்கும்?"

ஐயா சிரித்தார். பிறகு செய்தித்தாளை மடித்துவிட்டு, மனுக்களில் முதல் தாளை எடுத்து மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி போட வேண்டியிருந்தது. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இவர் காத்துக்கொண்டு நின்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பென்சிலையும் சொன்னேன்.

"சங்கத்து காயிதத்துல நீ எழுதினியா?"

முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மறுபடியும் அந்த ஆட்கள் முன்னால் இவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. தெருமுனையில் நின்றார்.

"என்னிய நென்ச்சுதான எழுதின?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாய்யா" என்றேன்.

என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நேராகத் தையல் கடைக்குள் போனார். நான் படியோரம் நின்றேன்.

"அண்ணே, அந்தக் காயிதத்துக்கு நகல் கீதா?"

"கீது. இன்னாத்துக்கு நைனா?" என்றார் தையல்காரர்.

"படிக்கணும்."

"தாலி கட்டிட்டு அப்பறமா பொண்ணு பாக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நகலை வாங்கிச் சத்தமாகப் படித்தார். ஏழாவது கோரிக்கையில் நின்றுவிட்டார். நம் வீட்டுப் பெண்கள் அயலார் வீடுகளில் வேலை செய்யும் இழிவு ஒழிய வேண்டும் என்று இருந்தது. பஸ்ஸில் நான் படிக்காமல் விட்ட பாதியில் இருந்த வரி அது.

"இன்னாண்ணே இது?"

"நல்லதுதானப்பா. பொம்பளைங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"அவங்கள நீ கேட்டியா? நானும் கேக்கல." படியோரம் நின்ற என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. வேலைக்குப் போறது ஒனுக்கு இழிவா கீதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சமையலறைதான் நான் கூசாமல் நிமிர்ந்து நிற்கிற இடம். அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"இல்லண்ணே. எனுக்கு அந்த வேல வேணும்" என்றேன்.

தையல்காரர் பேனாவை எடுத்து நகலில் அந்த வரியை அடித்தார். "இதுல அட்ச்சிட்டேன்மா. எம்.எல்.ஏ. கைக்குப் போனத இன்னா பண்றது?"

"நாளைக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.