நான் எழுதிய விதி

லதாவின் பதவி உயர்வைத் தடுத்தது நான்தான். கேரளத்தில், கழக்கூட்டம் என்ற ஊரில் இருந்த எங்கள் அலுவலகத்தின் விதிகளை ஆங்கிலத்தில் எழுதியபோது, மேலாளரை எல்லா இடத்திலும் 'ஹி' என்றே குறிப்பிட்டேன்.

"இதில பொம்பளையே இல்லியே சார்" என்றார் லதா.

"ஹின்னா எல்லாரும்தாம்மா" என்று சிரித்தேன்.

பிறகு தேர்வுக் கூட்டத்தில் அந்தச் சொல்லைக் காட்டியே அவரை ஒதுக்கினார்கள். வாய் திறந்தால் என் ஆங்கிலம் பிழையென்று ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன்.

ஓய்வு பெற்றபின் அலுவலகத்தை நச்சரித்து அந்த விதியை மாற்ற வைத்தேன். மூடுபனிக் காலையொன்றில், தூக்கத்தில் நடப்பவன்போல், கல்லாற்றங்கரையில் இருக்கும் லதாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"நல்லது சார். பக்ஷே, போன மாசம் நானும் ரிட்டயராயாச்சே" என்று மலையாளம் கலந்து சொன்னவர், "சாயா ஆறுது, குடிங்க" என்றார்.

பனிக்குள் ஆற்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகி வீடு திரும்பியிருப்பேன்.