நாலு மோட்டாரில் ஒன்று

ட்ரோன் பறக்கும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். ஓட்டுகிறவன் மட்டும் இறக்குவதற்கு ஒரு பாய் அகலம் இடம் கிடைக்குமா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நீங்களும் ஒன்று வாங்கி வைத்திருந்தால் இதை விளக்க வேண்டியதில்லை. ஏற்றுவதற்கு ஒரு பொத்தான் போதும். இறக்குவதற்குக் காற்று, தரை, பேட்டரி மூன்றும் மனசு வைக்க வேண்டும். அவற்றோடு சுற்றி நிற்கிற சொந்தபந்தமும்.

நான் இருபத்து மூன்று வருடம் ஒரு நாளிதழுக்குப் புதுக்கோட்டை நிருபராக இருந்தவன். பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். இலுப்பூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சேகருக்கும் அப்போது நேரம் சரியில்லை. பாஸ்போர்ட் படத்துக்குக்கூட ஆள் வருவதில்லை. இருவருமாகச் சேர்ந்து ஒரு ட்ரோன் வாங்கினோம். பொழுதுபோக்குக்கு என்று விற்கிற ரகம், தோசைக்கல்லைவிடச் சிறியது. நான் ஓட்டுவது, சேகர் மற்றதையெல்லாம் பார்ப்பது என்று ஏற்பாடு. கீரமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பங்குனியில் தேர். அந்த வேலை எங்களுக்கு என்று பேசியாகிவிட்டது. அதை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தால் சுற்றுவட்டாரக் கோயில் வேலைகள் எல்லாம் தானாக வரும். கெடுத்தால் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

அதுவரை நாலு மோட்டாரும் பிழைத்திருக்க வேண்டும். நாலில் ஒன்று நின்றாலும் எங்கள் ட்ரோன் மூன்றை வைத்துச் சமாளிக்காது. கல் மாதிரி விழும். கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது.

சந்தனம்

ஆயுதபூஜை அன்று ஸ்டுடியோவில் கேமரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. ட்ரோனுக்குச் சக்கரம் இல்லையே, எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று சேகர் வெகுநேரம் யோசித்தான். கடைசியில் பழத்தை விட்டுவிட்டு நாலு மோட்டாருக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தான். பின்பக்கம் இடதுகைப் பக்கத்து மோட்டாருக்கு வரும்போது கிண்ணத்தில் நிறைய மிச்சம் இருந்திருக்கிறது. வழித்து அப்பிவிட்டான்.

இந்த மோட்டார்கள் சூடு தணிவதற்காகத் தலையில் ஓட்டை வைத்துச் செய்யப்பட்டவை. மறுநாள் கிளப்பியபோது அந்த மோட்டார் மட்டும் அம்மியில் மிளகாய் நுணுக்குகிற மாதிரி சத்தம் போட்டது. இறக்கையைக் கழற்றிவிட்டு விரலால் சுற்றிப் பார்த்தேன். மற்ற மூன்றும் வழுக்கிக்கொண்டு சுற்றின. இது நறநறவென்று இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பல்துலக்கும் பிரஷை வைத்து ஒரு மத்தியானம் முழுக்கச் சுரண்டினேன். வெளியே தெரிந்த சந்தனம் வந்தது. உள்ளே போனது அங்கேயே தங்கிவிட்டது. சேகருக்குச் சொன்னால் புரியவில்லை.

"மத்த மூணுக்கும் இதே சந்தனந்தானே வச்சேன். அதுக சும்மாதானே இருக்கு? இது மோட்டாரோட கொணம்ணே."

பாய்

எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் ட்ரோனை நேராக இறக்கக்கூடாது. தரைக்கு ஒரு முழம் இருக்கும்போதே இறக்கைக் காற்றுக்குப் புழுதி எழும்பி, பொடிக்கல் முதற்கொண்டு மோட்டாருக்குள் போய்விடும். இறக்குவதற்கென்று விற்கிற மடிப்புத் துணி முதல் மாதமே காற்றில் பறந்து ஒரு கிணற்றில் விழுந்தது. பிறகு கோரைப்பாய் ஒன்று வாங்கி, நாலு மூலைக்கும் கல் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று.

இலுப்பூரில் ஒரு காதணி விழா. மண்டபத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் பாயை விரித்துவிட்டு, சீர் ஊர்வலத்தை மேலேயிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பேட்டரி குறைந்துவிட்டது என்று திரை கத்தியதும் திருப்பிக்கொண்டு வந்தால், பாயில் ஐந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்திருங்கள் என்று கையை ஆட்டினேன். படம் எடுக்கிறேன் என்று நினைத்து அவர்களும் கையை ஆட்டினார்கள். ஒருவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். இருந்த பேட்டரிக்கு எட்டிய ஒரே சமதரை, மண்டப வாசலில் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்திருந்த பெஞ்சுதான். யாரும் பக்கத்தில் இல்லாத ஓரமாகப் பார்த்து இறக்கினேன். அங்கே இருந்தது மல்லிகைத் தட்டு. நாலு முழச் சரம் பின்பக்கத்து இடது மோட்டாரில் சுற்றிக்கொண்டு, அது முனகியபடியே நின்றது.

தரையைத் தொட்டவுடன் மோட்டாரை அணைத்துவிட வேண்டும் என்பது பாலபாடம். நான் தட்டைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு நொடி தாமதித்துவிட்டேன். அதற்குள் நூல், அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. சேகர் பிளேடை வைத்து நூலை ஒவ்வொரு இழையாக எடுத்தான். தாய்மாமன் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து நின்றேன். வந்தவர் ட்ரோனைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டுத் தூக்க வந்தவர்களிடம் சொன்னார்.

"இதையும் ஒரு தட்டுன்னு எண்ணிக்கங்க. இருபதுதான் இருக்கு, ஒத்தப்படையா வரலையேன்னு இப்பத்தான் பேச்சு வந்துச்சு."

நல்ல தண்ணி

மீமிசலில் புதுப் படகு ஒன்றைக் கடலில் இறக்கினார்கள். படம் நன்றாக வந்தது. திரும்பும்போது கடல்காற்று பிடித்துக்கொண்டது. காற்றடிக்கும்போது காற்றைப் பார்த்த மாதிரி வைத்து, அவசரப்படாமல் இறக்க வேண்டும். நான் முதுகைக் காட்டி இறக்கினேன். பாய்க்கு நாலடி தள்ளி ஈர மணலில் குப்புற விழுந்தது. அதன்மேல் ஒரு சின்ன அலையும் வந்து போனது.

பேட்டரியைப் பிடுங்கினேன். அந்த மட்டுக்கு எனக்கு விவரம் இருந்தது. சேகர் சட்டையைக் கழற்றி ட்ரோனைத் துடைக்க ஆரம்பித்தான். பக்கத்தில் படகு என்ஜினைக் கழுவிக்கொண்டிருந்தவர் குடத்தை நீட்டினார். தண்ணீர் பட்டுக் கெட்டுப்போனதற்கு மறுபடி தண்ணீரா என்று சேகர் வாங்க மறுத்தான். கெடுப்பது தண்ணீர் இல்லை, உப்பு. அது எனக்கும் அப்புறம்தான் உறைத்தது. குடத்தை வாங்கி நாலு மோட்டாரையும் அலசி, இரண்டு நாள் காயவைத்தேன். மூன்று பிழைத்துக்கொண்டன. சந்தனமும் மல்லிகை நூலும் பார்த்த அந்த நாலாவது, இப்போது கொஞ்சம் துருவையும் சேர்த்துக்கொண்டது.

குடம் கொடுத்தவரை நான் மறக்கவில்லை. சேகரின் வெற்று உடம்பையும் கையில் இருந்த சட்டையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க என்ஜினு தெனம் கடல்லதான் கெடக்கு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி குடுப்போம். நீங்க சட்டையக் குடுக்குறீங்க."

எத்தனை ஹெச்.பி.

பங்குனி பிறந்தது. புது மோட்டாருக்குச் சொல்லி வைத்திருந்தோம். கூரியர்காரர் விசாரித்துவிட்டு, தேர் முடிந்த பிறகுதான் வரும் என்றார். சேகர் சும்மா இருக்கவில்லை. கீரமங்கலத்தில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை ஒன்றுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். மோட்டார் என்றால் மோட்டார்தானே என்பது அவன் வாதம்.

கடைக்குள் ஆள் உயர மோட்டார்கள் வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில் நாங்கள் பாட்டில் மூடி அளவுக்கு ஒன்றை நீட்டினோம். கடைக்காரர் எத்தனை ஹெச்.பி. என்று கேட்டார். கேலியா, வழக்கமான கேள்வியா என்று தெரியவில்லை. வாங்கி அச்சைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். காதில் வைத்துச் சுற்றினார். பேரிங் போய்விட்டது, இந்தச் சைஸ் தன்னிடம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் கிரீஸ் வைத்துக் கொடுங்கள் என்றான் சேகர். வைத்தால் சத்தம் அடங்கும், வியாதி அடங்காது, எப்போது நிற்கும் என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வதும் போய்விடும் என்று மறுத்தார். ஒரே ஒரு நாள் ஓடினால் போதும் என்று சேகர் கெஞ்சினான். அவர் எங்களை விட்டுவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பினார்.

"இங்க படுத்திருக்கு பாருங்க, இத்தனையும் ஒரே ஒரு நாள் ஓடட்டும்னு போட்டதுதான்."

முகம் தெரியணும்

தேர்க்கமிட்டியில் எங்களுக்கு வேலை கொடுத்தவர் முத்துக்கருப்பன். பல வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ட்ரோன் பறக்கவிடப் போலீஸில் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். வடம் பிடிக்கிறவர்கள் தலைக்கு மேலேயே, இரண்டு ஆள் உயரத்தில், முன்னாலிருந்து தேர் வரைக்கும் ட்ரோன் மெதுவாகப் போக வேண்டும். இழுக்கிற ஒவ்வொரு முகமும் தெரிய வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் அவரவர் ஆட்களைத்தான் தேடுவார்களாம், தேரை அல்ல.

தேரன்று காலையில் தென்னந்தோப்பு ஓரமாக ட்ரோனைத் தலை உயரத்தில் நாலு நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். பாயில் இறக்கி மோட்டார்களைத் தொட்டேன். மூன்றும் லேசான சூடு. நாலாவதில் விரல் வைக்க முடியவில்லை. சேகரும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். மொத்தம் பத்து நிமிட வேலை, நாலு நிமிடம் தாங்கியது பத்து நிமிடம் தாங்காதா என்றான். தாங்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன்.

வடத்துக்குப் போய் நின்றேன். இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக அடைத்துக்கொண்டு நின்றார்கள். விபத்துச் செய்தி எழுதும்போது பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வயதைப் போடுவோம். எத்தனையோ ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த வயதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். வடத்தைப் பிடித்திருந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க, கை தானாக ஒவ்வொருவருக்கும் வயது போட ஆரம்பித்துவிட்டது. பச்சைச் சேலை, நாற்பது இருக்கும். அப்பா தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு மூன்று. சேகரிடம் போய், கூட்டத்துக்கு மேலே ஓட்டமாட்டேன் என்றேன். அவன் என்னோடு பேசுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

தேரடிக்கு எதிரே வற்றிக் கிடந்த குளத்துக்கு மேலே ஏற்றினேன். கீழே கருவேலமும் இரண்டு ஆடுகளும்தான். அங்கிருந்தே தேர் நகர்ந்ததிலிருந்து நிலைக்கு வந்தது வரை பேட்டரி மாற்றி மாற்றி எடுத்தேன். மோட்டார் முனகியது, நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாயின் நடுவில், வெண்ணெயை வழித்து வைத்த மாதிரி இறங்கியது. அவ்வளவு நன்றாக அதை நான் இறக்கியதே இல்லை. முத்துக்கருப்பன் படத்தைப் பார்த்தார். தேர் தெரிந்தது, கோபுரம் தெரிந்தது, ஜனங்கள் கடுகு சிந்தின மாதிரி இருந்தார்கள். பிரதியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த திருவிழாவுக்குத் திருச்சியிலிருந்து ஆள் வருவதாக இரண்டு நாளில் காதுக்கு வந்தது.

அதற்கடுத்த வாரம் புது மோட்டார் வந்தது. ஸ்டுடியோவில் வைத்துப் பழையதைச் சேகர்தான் கழற்றினான். அச்சை இழுத்ததும் பேரிங் இரண்டாக வந்து, உள்ளே இருந்த குண்டுகள் உடைந்து மேஜையில் உருண்டன. அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பிறகு என்னைப் பார்த்து டீ சொல்லட்டுமாண்ணே என்று கேட்டான். தேருக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

தேர்ப் படத்துக்கு இன்னொரு பிரதி கேட்டு முத்துக்கருப்பன் அன்றைக்கே வந்தார். சேகர் எனக்காகப் பேசினான். கையை விரித்து உடைந்த குண்டுகளைக் காட்டி, இதை உங்கள் சனத்தின் தலைக்கு மேலே ஓட்டச் சொன்னீர்களே, நானும் இவரோடு பேசாமல் இருந்தேனே என்றான். முத்துக்கருப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். நல்ல மனிதர், கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

"அதெல்லாம் சரிங்க. ஆனா அன்னைக்கு விழலையே."

நடக்காமல் போன விபத்துக்கு, பத்திரிகையிலும் சரி இந்தப் பிழைப்பிலும் சரி, ஒரு வரி இடம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.