ஆண்கள் பக்கத்து அருவிக்கு ஒரு கைக்கடிகாரம்

புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தென்காசியில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேலையால் வந்த பைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். பைத்தியம்தான் முதலில் வந்தது, வேலை பிறகு. மேசைக்கடியில் வெள்ளைப் பெட்டியாகக் கணினி உறுமிக்கொண்டிருந்த காலத்திலேயே பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து ரசித்தவள் நான். புதுப் புடவையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொட்டாவி வரும். புது ஃபோனின் ஓரம் எப்படி வளைந்திருக்கிறது என்று பேசினால் சோறு வேண்டாம்.

திரையின் அழகு மாறுவதைப் பற்றியும் எனக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. முன்பெல்லாம் திரைப் பொத்தான்கள் நிஜப் பொத்தான் போலவே புடைத்து, கீழே நிழல் விழ நிற்கும். பிறகு எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கினார்கள். எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று தெரியாமல் எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டினேன். கொஞ்ச நாளில் அந்தத் துப்புரவு பிடித்துப்போயிற்று. இப்போது கண்ணாடிக் காலம். பின்னாலுள்ள படம் மங்கலாகத் தெரிய, பொத்தான்கள் மேலே மிதக்கின்றன. படிக்கச் சிரமம் என்கிறார்கள். சிரமம்தான். ஆனாலும் விரல் பட்டதும் அந்தக் கண்ணாடி லேசாக நெளிகிறதே, அதை உட்கார்ந்து வரைந்த கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

என் கணவர் காவல்துறையில் இருந்தவர். இந்தப் புராணத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தட்டினால் வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்பார். அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. விழித்திரைக் கோளாறு, போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில வருஷங்களில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மேடு பள்ளம் இல்லாத வழுவழுப்பான கண்ணாடியை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார் என்று நான் பயந்தேன். அந்தக் கண்ணாடி பேசியது. விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லும் வசதி எல்லா ஃபோனிலும் உள்ளே கிடக்கிறது. ஒரு மாதத்தில் என்னைவிட வேகமாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். அதோடு என்னைவிடக் கறாரான விமர்சகராகவும் ஆகிவிட்டார். சில செயலிகளில் பொத்தான்களுக்கு உள்ளே பெயர் எழுதியிருக்க மாட்டார்கள். அங்கெல்லாம் ஃபோன் வெறுமனே “பொத்தான், பொத்தான்” என்று சொல்லும். கதவு எண் இல்லாத தெருவில் சம்மன் கொடுக்கச் சொன்னால் எப்படி என்று எரிந்து விழுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான், கண்ணுக்கே தெரியாத அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. நிழலும் கண்ணாடியும் அப்புறம்தான்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. குற்றாலத்தில் குளிப்பது. சாரல் விழுந்துவிட்டால் அவருக்கு அருவிக்குப் போயாக வேண்டும். ஆனால் பேரருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நான் கூட்டிக்கொண்டு போனாலும் தடுப்புக் கம்பியோடு என் வேலை முடிந்துவிடும். ஒருமுறை என் தம்பி உள்ளே அழைத்துப் போனான். கையைப் பிடித்து நடத்தி, தண்ணீருக்குக் கீழே நிறுத்தி, போதும் என்று அவனே முடிவு செய்து வெளியே கொண்டுவந்தான். பாவம், அவன் நல்லெண்ணத்தில்தான் செய்தான். வீட்டுக்கு வந்த பிறகு இவர் சொன்னார்.

“இனி வேண்டாம் ஏட்டி. நானாப் போயி நானா வரணும். இல்லைன்னா வீட்டுக் கொழாயே போதும்.”

அதற்குப் பிறகு இரண்டு சீசன் குழாயில்தான் போயிற்று. சாரல் அடிக்கும் நாட்களில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு முகத்தை நனையவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கினேன். தண்ணீர் புகாதது, தனி சிம் போடலாம். எனக்குப் பிடித்தது அதன் அதிர்வு. செய்தி வந்தால் மணிக்கட்டில் யாரோ விரலால் தொட்டுக் கூப்பிடுவது போல ஒரு தட்டு. அருவி இரைச்சலில் எந்தக் குரலும் எடுபடாது, ஆனால் தட்டுக்கு இரைச்சல் ஏது? தடுப்பிலிருந்து அருவிக் கம்பி வரை ஏறக்குறைய நேர்வழிதான். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டே செய்தி அனுப்புவேன். ஒரு தட்டு என்றால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், இரண்டு என்றால் இடப்பக்கம். ஒன்றுமே வராவிட்டால் நேராக வரலாம். மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே பழகினோம். எதிர்வீட்டுக்காரர்கள் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்கள்.

கூட்டமில்லாத ஒரு காலையில் போனோம். கைத்தடியை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிப் போனார். ஆள் குறுக்கே வந்த இடங்களில் கொஞ்சம் வழி விலகினார், நான் தட்டித் தட்டித் திருத்தினேன். கம்பியைப் பிடித்தார். தண்ணீருக்குள் தலை மறைந்தது. எனக்கு அங்கேயே கூத்தாட வேண்டும் போலிருந்தது. எங்கோ ஓர் ஊரில் யாரோ செய்த பொருள், என் வீட்டு மனிதரை அருவியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அவர் குளித்து முடிப்பதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. காற்று குடைக்குள்ளேயே தண்ணீரை வீசியது. என் ஃபோன் அந்த வருஷத்துப் புது ஃபோன், ஓரமில்லாமல் முழுக்கக் கண்ணாடி. அதன்மேல் துளிகள் விழுந்ததும் அவையே விரல்களாகிவிட்டன. கேமரா தானாகத் திறந்தது, டார்ச் எரிந்தது, யாருக்கோ அழைப்பு போயிற்று. என் விரலை மட்டும் அது கண்டுகொள்ளவில்லை. முந்தானையில் துடைத்தேன், முந்தானையும் ஈரம். நிமிர்ந்து பார்த்தால் அவர் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பி நின்றிருந்தார். ஒரு அடி எடுத்து வைத்தார்.

கத்தினேன். பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. உள்ளே பாறையெல்லாம் வழுக்கும். ஆண்கள் பக்கமாவது மண்ணாவது என்று தடுப்புக்குள் நுழையப் போனேன். அதற்குள் அவர் பாதி தூரம் வந்திருந்தார். எண்ணெய் தேய்த்த ஒருவர் தோளில் இடித்தார். இவர் நின்று, அருவி ஓசை நேர் முதுகுக்குப் பின்னால் கேட்கும்படி தன்னைத் திருப்பிக்கொண்டு மறுபடி நடந்தார். நீட்டிய கை தடுப்புக் கம்பியைத் தொட்டது.

“நீ ஒண்ணும் சொல்லல. அதான் நேராவே வந்துட்டேன்” என்றார். குளிரில் பல் தந்தியடித்தாலும் குரல் உற்சாகமாக இருந்தது.

அதை அப்படியே விட்டிருக்கலாம். எனக்குத்தான் அழுகையும் கோபமுமாக வந்தது. “ஃபோன் நனைஞ்சு போச்சுங்க. நீங்க குளிச்சிட்டு வெளிய வந்ததுல இருந்து நான் எதுவுமே அனுப்பல” என்றேன்.

அவர் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தை விரலால் தடவினார்.

“அப்போ நானாத்தான் வந்திருக்கேன்.”

துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, திரும்பி, அருவியைப் பார்த்து மறுபடியும் நடந்தார்.