பட்டு இழை கட்டிய கண்டல் செடிகள்

என் மகள் வீட்டுப் பின்வாசலிலிருந்து உப்பங்கழிக் கரை வரை, நான் முதல்முறை போனபோது நூற்றுப் பதினெட்டு அடி. என் அடியால் நானே நடந்து எண்ணியது. செடி நட்ட வருடம் நூற்று நான்கு. போன மார்கழியில் எண்பத்தேழு. எனக்கு வயதாகி அடி சிறுத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். குறைந்தது கரைதான்.

ஆரணியிலிருந்து அவள் ஊருக்கு மூன்று பஸ். வந்தவாசியில் ஒன்று மாற வேண்டும், திண்டிவனத்தில் ஒன்று. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவள் கடலுக்குப் போகும் குடும்பத்தில் தானாகவே கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஒன்பது வருடம் நான் போகாமலே இருந்தேன். அந்த ஒன்பதையும் கணக்கில் சேர்த்தால்தான் மற்றது புரியும்.

அவள் வீட்டுக்குப் பின்னால் கைவிட்ட இறால் பண்ணை ஒன்று உண்டு. அதன் கரையை உடைத்துக் கடல் தண்ணீர் வந்து போக வாய்க்கால் வெட்டி, உப்புச் சேற்றில் வளரும் கண்டல் செடிகளை நட்டார்கள். வருடா வருடம் புயல் வலுக்கிறது, கிணறு உப்பாகிவிட்டது. மரம் நின்றால் அலை தணியும், மண் நிற்கும், மண் நின்றால் வீடு நிற்கும். பெண்கள் பதினாறு பேர் வேலை செய்தார்கள். என் மகள்தான் அவர்களுக்கு மேஸ்திரி.

அவள் வீட்டுப் பின்வாசலுக்கு நேர் எதிரே இருந்த ஐந்து வரிசையை என்னிடம் கொடுத்தாள். செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் தேங்காய் நார்த் தும்பால் கட்டினார்கள். தொட்டாலே பிய்ந்து வரும் தும்பு. எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஆனால் பிறந்தது தறி வீட்டில். தம்பி தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு இழைகளைப் பையில் கொண்டுபோயிருந்தேன். நான்கு இழை சேர்த்து முறுக்கி, தறிப் பாவில் அறுந்த இழைக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். நனைந்தால் இன்னும் இறுகும் முடிச்சு அது.

"ஆரணிக்காரரு செடிக்குப் பட்டு கட்டிகினு கீறாரு. முகூர்த்தம் எப்போங்க?" என்றாள் பக்கத்து வரிசையில் இருந்த ஒருத்தி.

"எனுக்குக் கூட எங்க நைனா பட்டு எடுக்கல. கண்டலுக்கு எடுக்கறாரு," என்றாள் என் மகள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சு.

அதற்கப்புறம் போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லாக்குது நைனா," என்றாள். ஒரு தடவையும் எத்தனை என்று சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றினாள்.

மூன்றாம் வருடம், போன மார்கழியில், இன்னொரு பை பட்டோடு போனேன். அவள் அதை வாங்கிப் பரண்மேல் போட்டாள். வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக் கோடு. கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டதாம். பாத்திரங்கள் மூட்டையாகக் கட்டியிருந்தன. தை பிறந்ததும் ஊருக்கு உள்ளே மேட்டில் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறார்கள். இதையும் போனில் சொல்லவில்லை.

காலையில் தண்ணீர் இறங்கியதும் தனியாகக் கரைக்குப் போனேன். மற்ற வரிசைகளில் கண்டல் என் தோள் உயரம் நின்றது. வேருக்கடியில் நண்டு, வாய்க்காலில் நாரைகள், பதினான்கு வரை எண்ணினேன். தும்பு எதுவும் இல்லை. செடி தானாக நிற்கப் பழகிய நேரத்தில் அது மக்கி விழுந்திருந்தது. மக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

என் ஐந்து வரிசையில் பெரும்பாலும் வெறும் குச்சிகள். தண்டு பருக்கப் பருக்க இழை உள்ளே இறங்கியிருந்தது. முடிச்சுக்கு மேலே வீங்கி, அதற்கும் மேலே காய்ந்து. அரக்கு நிறம் மட்டும் வெளுக்கவில்லை. உயிரோடு இருந்தவை முப்பத்தொன்பது. அந்த முப்பத்தொன்பதிலும் இழை அறுக்கப்பட்டு, தண்டில் வளையமாகத் தழும்பு இருந்தது. யாரோ பிளேடால் அறுத்திருக்கிறார்கள். என் வரிசைகள் செத்து விழுந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் நேரே வீட்டுக்கு வந்திருக்கிறது.

அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"நீயா அறுத்த?"

"லேட்டாதான் பாத்தேன் நைனா. சேத்துல ஒக்காந்து ஒண்ணு ஒண்ணா அறுக்கணும். ஒரு வாட்டி தண்ணி ஏர்றதுக்குள்ள பத்து, பன்னெண்டு. அதுக்குள்ள மீதியெல்லாம் காஞ்சிப் போச்சி."

"மத்தவங்களக் கூப்டறதுதான?"

"கூப்ட்டா, யாரு கட்னதுன்னு பேச்சு வரும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ எண்ணுவ," என்றாள்.

திரும்ப நடுவார்களாம். நட்டது நிற்க மூன்று வருடமாவது ஆகும். வீட்டுக்கு அத்தனை நாள் இல்லை.

அவளிடம் பிளேடு வாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். "செத்ததப் போயி ஏன் நைனா அறுக்கற? முட்டி வலிக்கும், ஏறு," என்றாள். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இழை லேசில் அறவில்லை. தண்ணீர் ஏறுவதற்குள் பதினொன்றுதான் முடிந்தது.